டிராக்டரை ஏற்றிச் செல்ல எந்த ட்ரெய்லர்? எடையும் முன்பாரமும் பார்த்து வாங்குவது எப்படி

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிராலியைப் பற்றியதல்ல இது. டிராக்டரையே மேலே ஏற்றி, பிக்கப்போ லாரியோ இழுத்துச் செல்லும் ட்ரெய்லரைப் பற்றியது. வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை டன் தாங்கும்?" என்பதைத்தான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. கிளம்புகிற அன்றைக்கு இருக்கும் கோலத்தில் உங்கள் டிராக்டர் எத்தனை கிலோ, அதில் பாரம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்த பிறகுதான் ட்ரெய்லர் பேச்சையே எடுக்க வேண்டும்.

உண்மையான எடை

விற்பனைத் தாளில் போட்டிருப்பது வெறும் டிராக்டரின் எடை. முன்னால் மாட்டும் மண் அள்ளும் லோடர், பின் டயரில் நிரப்பிய தண்ணீர், சக்கரத்தில் மாட்டிய இரும்பு வெயிட், பின்னால் தொங்கும் கருவி எதுவும் அதில் வராது. 45–50 குதிரைத்திறன் கொண்ட டிராக்டர் ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெறும் வண்டி 2,100 கிலோ. லோடரும் பக்கெட்டும் சேர்ந்து 600. 13.6-28 அளவுள்ள பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பினால் ஒன்றுக்குச் சுமார் 200 லிட்டர் பிடிக்கும், இரண்டுக்குமாக 400 கிலோ. ஆறடி ரோட்டவேட்டர் 450. டீசல், கட்டுச்சங்கிலி, கருவிப் பெட்டி, உதிரிச் சாமான் எல்லாம் சேர்த்து 150. கூட்டினால் 3,700 கிலோ. தாளில் இருந்ததைவிட முக்கால் மடங்கு ஏறிவிட்டது. தண்ணீருக்குப் பதில் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பியிருந்தால் டயருக்குள் இருக்கும் எடை இன்னும் கால் பங்கு கூடும்.

இந்தக் கணக்கு தோராயம்தான். சரியான எடை வேண்டுமென்றால் எடை மேடைக்குப் போக வேண்டும். போகும்போது மொத்த எடையை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை, பின் சக்கரங்கள் மட்டும் நிற்க ஒரு எடை எடுத்துக்கொள்ளுங்கள். லோடர் தாழ்ந்து, கருவி மாட்டிய நிலையில், அதாவது ஏற்றிச் செல்லப்போகும் நிலையிலேயே எடுக்க வேண்டும். இந்த இரண்டு எண்களும் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இப்போது ட்ரெய்லரின் தகட்டுக்கு வருவோம். அதில் பொறித்திருக்கும் மொத்த எடை என்பது ட்ரெய்லரின் சொந்த எடையும் சுமையும் சேர்ந்தது. 3,500 கிலோ என்று பொறித்த ட்ரெய்லரின் சொந்த எடை 1,000 கிலோ என்றால் ஏற்றக்கூடியது 2,500 மட்டுமே. அமெரிக்கச் சந்தையில் '7,000 பவுண்டு ட்ரெய்லர்' என்று விற்பது இதே கதைதான்: மொத்தம் 3,175 கிலோ, ட்ரெய்லரின் எடை 900 போக மிஞ்சுவது 2,275. நம் 3,700 கிலோ சுமைக்கு, சொந்த எடை 1,200 கிலோ உள்ள ட்ரெய்லர் என்று வைத்தால் மொத்தம் 4,900. இதற்கு மேல் 15 முதல் 20 சதவீதம் கையிருப்பு வேண்டும். ஆகவே 5,700–6,000 கிலோ தகடு உள்ளதைத் தேட வேண்டும். அடுத்த வருடம் பெரிய ரோட்டவேட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

தகட்டில் உள்ள எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. ஆக்சில், டயர், ரிம், ட்ரெய்லரின் மூக்கில் உள்ள கப்ளர், அதில் உட்காரும் பந்து, இழுக்கும் வண்டியில் அந்தப் பந்தைப் பிடித்திருக்கும் ஹிட்ச் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் உண்மையான வரம்பு. 6,000 கிலோ ட்ரெய்லரை 3,500 கிலோ பந்தில் மாட்டினால் அது 3,500 கிலோ ட்ரெய்லர்தான். பந்தின் தலையிலேயே அதன் அளவும் தாங்கும் எடையும் பொறித்திருக்கும், குனிந்து பாருங்கள். அளவு எதுவும் பொறிக்காத பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

இழுக்கும் வண்டியில் பலர் தவறவிடுவது ஒன்று. 'இவ்வளவு டன் இழுக்கும்' என்ற விளம்பர எண்ணோடு நிறுத்திவிடுவார்கள். கொக்கியில், அதாவது ட்ரெய்லரின் மூக்கு வண்டியோடு இணையும் இடத்தில், அமரும் பாரம் முழுவதும் இழுக்கும் வண்டியின் முதுகில்தான் ஏறுகிறது. அந்த வண்டி சுமக்கக்கூடிய எடையிலிருந்து அது கழியும். கொக்கியில் 590 கிலோ, வண்டியில் மூன்று ஆட்கள், பின்பெட்டியில் டீசல் கேன் என்றால் 850 கிலோவைத் தாண்டிவிடும். இழுவைத் திறனில் இன்னும் ஒரு டன் மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் திறன் முடிந்துபோவது சாதாரணமாக நடக்கிறது.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டியில் மூட்டை அடுக்கியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் என்னவென்றால், இங்கே பின்பாரமானால் மாட்டின் கழுத்து தூக்குவதோடு போகாது, 80 கிலோமீட்டர் வேகத்தில் ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பித்து இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும்.

பந்தில் மாட்டும் ட்ரெய்லருக்கு, ஏற்றிய பின் உள்ள மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். பிக்கப்பின் பின்பெட்டிக்குள் வந்து மாட்டும் கூஸ்நெக் வகைக்கு 20 முதல் 25 சதவீதம். அதைவிடக் குறைந்தால் நெளிவு. கூடினால் இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரங்கள் லேசாகிவிடும். ஸ்டீயரிங் பிடிக்காது, பிரேக்கும் முன்பக்கம் சரியாகப் பிடிக்காது, இரவில் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எதுவானாலும் ஹிட்ச்சில் பொறித்துள்ள கொக்கி எடையைத் தாண்டக் கூடாது. சிறிய வாகனங்களுக்கான ஹிட்ச்சில் அந்த எண் மிகக் குறைவாக இருக்கும், அப்படியானால் அந்த வண்டி இந்த வேலைக்கு ஆகாது.

நம் உதாரணத்தையே தொடர்வோம். மொத்தம் 4,900 கிலோ, அதில் 12 சதவீதம் 590 கிலோ. காலியாக இருக்கும்போதே ட்ரெய்லரின் கொக்கி 110 கிலோ அழுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 480 கிலோவைச் சுமைதான் தர வேண்டும். கொக்கியிலிருந்து இரண்டு ஆக்சில்களுக்கும் நடுப்புள்ளி வரை 4.8 மீட்டர் என்றால், சுமையின் மையம் அந்த நடுப்புள்ளிக்கு முன்னால் 480 × 4.8 ÷ 3,700, அதாவது 62 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

டிராக்டரின் பார மையம் எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் எடை மேடையில் எடுத்த அந்த இரண்டு எண்கள். முன் சக்கர எடையை மொத்த எடையால் வகுத்து, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்குங்கள். முன்னே 1,250, மொத்தம் 3,550 (3,700இல் உதிரிச் சாமான்களுக்கான 150 நீங்க), அச்சு இடைவெளி 2 மீட்டர் என்றால் விடை 70 செ.மீ. பின் அச்சிலிருந்து 70 செ.மீ. முன்னால் பார மையம் இருக்கிறது. ஆகவே டிராக்டரை முன்பக்கமாக ஏற்றும்போது அதன் பின் சக்கர மையம், ட்ரெய்லர் ஆக்சில்களின் நடுப்புள்ளிக்கு 8 செ.மீ. பின்னால் வந்து நிற்க வேண்டும்.

இந்த இடம் எவ்வளவு நுணுக்கமானது என்றால், டிராக்டரை 10 செ.மீ. முன்னே நகர்த்தினால் கொக்கியில் 77 கிலோ கூடும். அரை மீட்டர் பின்னால் நிறுத்திவிட்டால் 385 கிலோ குறைந்து, கொக்கியில் மிஞ்சுவது 4 சதவீதம்தான். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்! அதனால் சரியான இடம் அமைந்ததும் தளத்தின் ஓரத்தில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். கருவி மாறினால் கோடும் மாறும், ரோட்டவேட்டருக்கு ஒன்று, கல்டிவேட்டருக்கு ஒன்று என்று நிறம் மாற்றிப் போடலாம்.

கணக்கைச் சரிபார்க்க எடை மேடையே போதும். ட்ரெய்லரைக் கழற்றி, இழுக்கும் வண்டியை மட்டும் எடை போடுங்கள். பிறகு ஏற்றிய ட்ரெய்லரை மாட்டி, இழுக்கும் வண்டியின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்தி மறுபடி போடுங்கள். வித்தியாசம்தான் கொக்கி எடை.

இதிலிருந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் பாடம்: டிராக்டரின் நீளத்துக்கு அளவெடுத்தாற்போல் தளம் வாங்கக் கூடாது. நம் டிராக்டரில் பக்கெட் நுனி முதல் ரோட்டவேட்டர் வால் வரை சுமார் 5.4 மீட்டர். 5.5 மீட்டர் தளத்தில் அது ஏறும், நிற்கும், ஆனால் முன்னே பின்னே நகர்த்த இடம் இருக்காது. அமைகிற பாரம்தான் பாரம் என்று ஆகிவிடும். 6 மீட்டர் குறைந்தபட்சம், 6.5 இருந்தால் நிம்மதி. ட்ரெய்லர் நீளமானால் திருப்பக் கஷ்டம் என்று பயப்பட வேண்டாம், பின்னோக்கி எடுப்பதற்குக் குட்டை ட்ரெய்லரைவிட நீளமானதுதான் சொன்னபடி கேட்கும்.

தளம்: உயரமா, தாழ்வா

சக்கரங்களுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் தளம் ஒரு வகை, சக்கரங்களுக்கு மேலே விரியும் தளம் இன்னொரு வகை. முதல் வகையில் தளம் தரையிலிருந்து 55–65 செ.மீ. உயரத்தில் இருக்கும். இரண்டாவது 85–90 செ.மீ. தாழ்ந்த தளத்தில் இரு பக்க மட்கார்டுகளுக்கு இடையே கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 2.1 மீட்டர். டிராக்டரின் பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். சேற்று உழவுக்கு ட்ராக் அகலத்தைக் கூட்டி வைத்திருந்தால் அந்த அகலத்தையே அளக்க வேண்டும். 2 மீட்டருக்குள் அடங்கினால் தாழ்ந்த தளமே மேல். பாரம் தாழ்ந்தால் வளைவில் சாயாது, ஏற்றுவதும் சுலபம். அடங்காவிட்டால்தான் உயர்ந்த தளம்.

ரோல்பார் (கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவு) உள்ள டிராக்டர் என்றால் அதன் உயரத்தோடு தள உயரத்தையும் கூட்டி எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். மடக்கும் ரோல்பாரானால் டிராக்டர் தளத்தில் வந்து நின்ற பிறகு மடக்கலாம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் அது நிமிர்ந்தே இருக்க வேண்டும், சீட் பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். கவிழ்வது அப்போதுதான்.

அடிச்சட்டத்தில் பார்க்க வேண்டியது குறுக்குச் சட்டங்களின் இடைவெளி. 40 செ.மீ.க்கு ஒன்று இருந்தால் டிராக்டருக்கு ஏற்றது. 60 செ.மீ. இடைவெளியில் பின் சக்கரம் ஒன்றின் ஒரு டன்னுக்கும் மேலான எடை இரண்டு சட்டங்களுக்கு நடுவே இறங்கும்போது பலகை வளையும். மேலே 5 செ.மீ. கனப் பலகையா, புள்ளி போட்ட இரும்புத் தகடா என்றால் பலகைக்கே வாக்கு. சேறும் தண்ணீரும் பட்ட தகட்டில் டிராக்டர் டயரின் ரப்பர் கட்டைகள் வழுக்கும். பலகை உளுத்தால் ஒன்றை மட்டும் மாற்றிவிடலாம். தகடு அடியில் துருப்பிடிப்பது வெளியே தெரியாது.

ராம்ப்

தள உயரத்தை ராம்பின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். 60 செ.மீ. தளத்துக்கு 1.5 மீட்டர் ராம்ப் என்றால் 0.4, சுமார் 24 டிகிரி சரிவு. டிராக்டருக்கு இது அதிகம். ரோட்டவேட்டரின் அடியும் தரையில் தட்டும். 2.4 மீட்டர் ராம்பாக இருந்தால் 14–15 டிகிரிக்கு இறங்கிவிடும். தளத்தின் வால்பகுதியே சரிந்து இறங்கும் அமைப்பு இருந்தால் குட்டையான ராம்பே போதும். தளம் முழுவதும் சாய்கிற வகை ஏற்றுவதற்கு எல்லாவற்றிலும் சுகம், ஆனால் எடை கூடுதல். அந்த எடையும் ஏற்றும் அளவிலிருந்துதான் கழியும்.

தனித்தனி இரண்டு பட்டை ராம்பில் ஒரு சிக்கல் உண்டு. இரு சக்கர இழுவை டிராக்டர்கள் பலவற்றில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட உட்பக்கமாக இருக்கும். பின் சக்கரத்துக்குச் சரியாக விரித்து வைத்தால் முன் சக்கரம் விளிம்பில் தொற்றிக்கொண்டு ஏறும். இரண்டு தடத்தையும் உள்ளடக்கும் அகலமான ராம்ப், இல்லையேல் முழு அகல ராம்ப் எடுங்கள். ராம்பில் பொறித்த எடை ஜோடிக்கா ஒன்றுக்கா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பின் அச்சின் முழு எடையும் ஒரு நேரத்தில் அந்த ஜோடியின் மேல்தான் நிற்கும்.

ட்ரெய்லரின் வால்பக்கம் இரண்டு தாங்குகால்கள் இல்லாவிட்டால் கட்டாயம் பொருத்துங்கள். டிராக்டர் ராம்பில் ஏறும்போது ட்ரெய்லரின் பின்பக்கம் அமுங்கி கொக்கி மேலே எழும்பும். இழுக்கும் வண்டியின் பின் சக்கரங்கள் லேசானால் ஹேண்ட்பிரேக் பிடித்தும் பயனில்லை, மொத்தமும் நகர ஆரம்பிக்கும். கழற்றி நிறுத்திய ட்ரெய்லரில் ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

ஏற்றும் முறை: சமதளத்தில் நிறுத்தி, இழுக்கும் வண்டியின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தாங்குகால்களை இறக்குங்கள். டிராக்டரின் இடது வலது பிரேக் பெடல்களைக் கொண்டி போட்டு இணையுங்கள். இணைக்காமல் மிதித்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நின்று வண்டி ராம்பிலிருந்து திரும்பிவிடும். நான்கு சக்கர இழுவை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், லோ கியர், பக்கெட்டைத் தாழ்வாக வையுங்கள். பாதி வழியில் கிளட்ச்சைத் தொடக் கூடாது. முன்பக்க வெயிட்டோ லோடரோ இல்லாத இரு சக்கர இழுவை டிராக்டரை, பின்னால் கனமான கருவியோடு முன்பக்கமாகச் செங்குத்தாக ஏற்றினால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டு பின்னால் மல்லாந்துவிடும். அதை ரிவர்ஸில் ஏற்றுங்கள். அப்படி ஏற்றினால் பார மையம் இடம் மாறும், மேலே சொன்ன கணக்கை மறுபடி போட வேண்டும். இறக்கும்போது கவனிக்க வேண்டியது, இத்தகைய டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே. முன்பக்கமாக இறங்கினால் பின் சக்கரம் லேசாகி, பிரேக் பிடித்தபடியே சறுக்கும்.

ஆக்சில், டயர், பிரேக்

இரண்டு ஆக்சில் இல்லாத ட்ரெய்லர் இந்த வேலைக்கு வேண்டாம். பட்டை ஸ்பிரிங்கா, ஸ்பிரிங்குக்குப் பதில் உள்ளே முறுக்கும் ரப்பரால் தாங்கும் டார்ஷன் ஆக்சிலா என்றால், பட்டை ஸ்பிரிங் அமைப்பில் நடுவே இருக்கும் ஈக்குவலைசர் மேடு பள்ளத்தில் எடையை இரண்டு ஆக்சிலுக்கும் பகிர்ந்து கொடுக்கும், தேய்ந்த புஷ்ஷை எந்தப் பட்டறையிலும் மாற்றலாம். டார்ஷன் சவாரி மென்மையானது, ஆனால் அந்தப் பகிர்வு கிடையாது. ட்ரெய்லர் மட்டமாக நிற்காமல் மூக்கு தாழ்ந்தால் முன் ஆக்சில் மட்டும் பாரத்தை வாங்கும். எந்த வகையானாலும் ஹிட்ச் உயரத்தைச் சரிசெய்து தளத்தை மட்டமாக்குங்கள்.

டயர் ஓரத்தில் உள்ள சுமை எண்ணை நான்கால் பெருக்கினால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்த அளவு வரும். எஸ்டி (ட்ரெய்லருக்கென்றே செய்தது) 225/75 ஆர்15, டி ரேஞ்ச் (சுமை வகுப்பு) டயர் ஒன்று சுமார் 1,150 கிலோ தாங்கும், நான்கும் 4,600. நம் ட்ரெய்லருக்கு அது ஒட்டி ஒட்டாமல் நிற்கும். எஸ்டி 235/80 ஆர்16, ஈ ரேஞ்ச் என்றால் ஒன்று 1,550க்கு மேல், அதுவே சரி. இந்த அளவெல்லாம் டயரில் பொறித்துள்ள முழுக் காற்று இருக்கும்போதுதான். காற்று குறைந்த டயர் சூடேறி வெடிக்கும். பெரும்பாலான ட்ரெய்லர் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகின்றன. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டினால் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பிரேக் இரண்டு ஆக்சிலிலும் வேண்டும். இழுக்கும் வண்டி வேகம் குறைக்கும்போது ட்ரெய்லர் முட்டுகிற விசையில் இயங்கும் உந்து பிரேக் எளிமையானது, தனிக் கன்ட்ரோலர் தேவையில்லை. மேட்டில் ரிவர்ஸ் எடுத்தால் அதுவும் முட்டலாக நினைத்துப் பிடித்துக்கொள்ளும், ரிவர்ஸ் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மின் பிரேக்குக்கு டேஷ்போர்டில் கன்ட்ரோலர் வேண்டும், ஆனால் ட்ரெய்லரை மட்டும் தனியே பிரேக் பிடிக்கலாம். நெளிய ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரை விட்டு, கால் பிரேக்கைத் தொடாமல், கன்ட்ரோலரில் உள்ள கைப்பிடியை மட்டும் அழுத்துவதுதான் வழி. மின் பிரேக்கில் சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் காந்தம் ஒவ்வொன்றும் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், நான்குக்கு 12. மெல்லிய ஒயர் போட்டிருந்தால் கடைசிச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது மின்னழுத்தம் விழுந்து அது பெயருக்குப் பிடிக்கும். ட்ரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சின் பின்னை வாங்கும் முன்பே இழுத்துச் சோதியுங்கள், உள்ளே பேட்டரி செத்துக் கிடப்பது வெகு சகஜம்.

எந்த எடைக்கு மேல் பிரேக் கட்டாயம், எந்த லைசென்ஸ் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் வேண்டும், சாலை ட்ரெய்லர் 3,500ஐத் தாண்டினால் உந்து பிரேக் செல்லாது. வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் விதியைப் பார்த்துவிடுங்கள்.

கட்டுவதற்கான வளையங்கள்

தளத்தில் குறைந்தது ஆறு வளையமாவது இருக்க வேண்டும், பலகையில் போல்ட் போட்டதல்ல, அடிச்சட்டத்தோடு வெல்டு வைத்தது. நான்கு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி, லோடர் பக்கெட்டுக்கு ஒன்று, பின் கருவிக்கு ஒன்று. கிரேடு 70 (வலிமைத் தரம்) சங்கிலியில் 8 மி.மீ. அளவு சுமார் 2,130 கிலோவும், 10 மி.மீ. சுமார் 3,000 கிலோவும் தாங்கும். சங்கிலியை இறுக்க நெம்புகோல் பைண்டரைவிட ராட்செட் பைண்டர் நல்லது, நெம்புகோல் விடுபட்டால் தாடையில் அடிக்கும். சங்கிலியை அச்சிலோ அடிச்சட்டத்திலோ மாட்டுங்கள். ஸ்டீயரிங் ராட், லிப்ட் ஆர்ம், லோடர் கை எதிலும் மாட்டக் கூடாது. கருவியைத் தளத்தில் இறக்கி வையுங்கள். ஹைட்ராலிக்கில் தூக்கிய நிலையில் விட்டால் வழியிலேயே எண்ணெய் கசிந்து இறங்கி, இறுக்கிய சங்கிலி தொளதொளத்துவிடும். நீண்ட தூரம் போவதானால் டர்போ டிராக்டரின் புகைக்குழாய் வாயை மூடுங்கள். காற்று புகுந்து, எண்ணெய் ஓட்டமில்லாத டர்போவைச் சுழற்றித் தேய்த்துவிடும்.

பழையது வாங்குவதானால்

ஏர்க்காலும் அடிச்சட்டமும் சேரும் மூலையில் பெயிண்ட் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், விரிசல் முதலில் வருவது அங்கேதான். புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். ஸ்பிரிங் மாட்டும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் விலையைக் குறைக்கலாம். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஆக்சில் வளைந்திருக்கும், விட்டுவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் தெரியும். லைட் விட்டு விட்டு எரிந்தால் பல்பை மாற்றுவதற்கு முன் எர்த் ஒயரைத் துலக்கி இறுக்குங்கள், பத்தில் எட்டுக்கு அதுதான். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் இருபது கிலோமீட்டரில் நிறுத்தி, ஹப் ஒவ்வொன்றையும் கையால் தொடுங்கள். நான்கில் ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அங்கே பேரிங் போயிருக்கும் அல்லது பிரேக் ஒட்டியிருக்கும். வீல் நட்டுகளை அப்போது ஒருமுறையும், 80–100 கிலோமீட்டரில் இன்னொரு முறையும் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள்.